ராத்திரி ரெண்டரை மணி முந்திரி

போன வாரம் மேன்ஷன் பாத்ரூம் க்யூ பற்றி எழுதி, உங்களில் பலரின் சொந்த சோகத்தைக் கிளறிவிட்டேன். இந்த வாரமும் சோகம்தான். ஆனால் இதில் பக்கெட் இல்லை. என் அம்மா இருக்கிறாள்.

முதலில் ஒரு விஷயம். திருவல்லிக்கேணி மேன்ஷனில் என் ரூமுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. காரணம், நான் அழகனோ அறிஞனோ என்பதல்ல. மாசா மாசம் ஆண்டிமடத்திலிருந்து எனக்கு ஒரு பார்சல் வரும். ரெண்டு கிலோ முந்திரிப் பருப்பு. உடைத்து, தோல் உரித்து, வெள்ளை வெளேரென்று! பார்சல் வந்த அன்னிக்கு, எனக்கு இத்தனை நண்பர்களா என்று எனக்கே சந்தேகம் வரும். "உங்கம்மா தெய்வம்டா" என்று வாயில் நாலு பருப்போடு சொல்வான் எதிர் ரூம்காரன்.

நானும் பெருமையாகத் தலையாட்டுவேன். அந்த ரெண்டு கிலோ எப்படி வந்தது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. சம்பளம் எப்படி வருகிறது என்றே யோசிக்காதவன், முந்திரியைப் பற்றியா யோசிப்பேன்?

போன சித்திரையில் நாலு நாள் லீவு கிடைத்தது. எழும்பூரில் ரயிலேறி, விருத்தாசலத்தில் இறங்கி, பஸ் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்தேன். எங்க பக்கம் முந்திரி சீசன். காடு முழுக்கப் பழ வாசனை. அம்மா கையால் கருவாட்டுக் குழம்பு. திண்ணைக் காற்று. படுத்ததும் தூங்கிவிட்டேன்.

டொக்... டொக்... டொக்...

கண் விழித்தேன். செல்போனில் மணி ரெண்டு முப்பத்திரெண்டு. திருடனாக இருந்தால் இவ்வளவு நிதானமாகத் தட்ட மாட்டான். கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தேன்.

ஒரு பல்பு வெளிச்சம். அம்மா தரையில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் வறுத்த முந்திரிக்கொட்டை ஒரு குவியல், முந்திரிப் பால் பட்டு கை வெந்துவிடாமல் இருக்க ஒரு தட்டில் சாம்பல். கட்டையால் தட்டித் தட்டி உடைத்துக்கொண்டிருக்கிறாள். புடவைத் தலைப்பு நனைந்திருந்தது. நெற்றியில் வேர்வை கொட்டுகிறது. காற்று என்னவோ ஜிலுஜிலுவென்றுதான் இருந்தது.

"ஏம்மா, இந்நேரத்துல?"

"தூக்கம் வரலடா. சும்மா படுத்துக்கிட்டு இருக்கறதுக்கு இதையாச்சும் பண்ணலாமேன்னு."

"எத்தனை நாளா?"

அம்மா கட்டையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். "போன பொங்கலுக்கு முந்தின பொங்கல்லேருந்து இருக்கும்."

ஒன்றேகால் வருஷம்! அதாவது, பதினஞ்சு பார்சல். முப்பது கிலோ. நானும் எதிர் ரூம்காரனும் வாயில் போட்டு மென்றது முந்திரிப் பருப்பு அல்ல சார். அம்மா தூங்காத ராத்திரிகள்.

* * *

காலையில் அப்பாவிடம் விசாரணைக் கமிஷன் வைத்தேன்.

"அப்பா, அம்மா ராத்திரியெல்லாம் தூங்கறதே இல்ல, தெரியுமா?"

"அப்படியா?" என்றார். எங்கப்பா தூங்க ஆரம்பித்தால் போர்வெல் லாரி வந்து நின்ற மாதிரி சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குள் டொக் டொக் எங்கே கேட்கப் போகிறது?

அதற்குள் தகவல் தெருவில் பரவி, ஆளாளுக்கு முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு வைத்தியம் சொன்னார்கள். கசகசாப் பால். தலையில் விளக்கெண்ணெய். வடக்குப் பக்கம் தலை வைக்காதே. ஒரு மந்திரித்த கயிறு. மெடிக்கல் ஷாப்பில் ஏற்கெனவே யாரோ சொல்லி ஒரு தூக்க மாத்திரையும் வாங்கி வைத்திருந்தாள் அம்மா. அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்: அல்ப்ரஸோலம். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கவே கூடாத மாத்திரை. பழகினால் விடுவது கஷ்டம். அம்மா அதை எட்டாக மடித்து அரிசி டப்பாவில் ஒளித்து வைத்திருந்தாள். "தின்னா காலைல எந்திரிக்க முடியலடா. யாரு மாட்டைப் பாக்கறது?"

மாட்டுக்கு என் நன்றி.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா மட்டும் என் காது கேட்காத மாதிரி, ஆனால் எனக்கு நன்றாகவே கேட்கிற குரலில் சொன்னார்: "அதான் வயசாச்சே... கர்ப்பப்பையை எடுத்துட்டா எல்லாம் சரியாப் போயிடும். எங்க நாத்தனாரு முப்பத்தெட்டு வயசுலயே எடுத்துட்டா."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. 'மாதவிடாய்' என்கிற வார்த்தையை அதுவரை நான் டி.வி. விளம்பரத்தில்தான் கேட்டிருக்கிறேன். அதுவும் சேனலை மாற்றிக்கொண்டே! திருச்சியில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன். அக்கா என்னைப் பிடித்து உலுக்கிவிட்டாள்.

"அம்மாவுக்கு நாப்பத்தேழு வயசுடா. மாதவிடாய் நிக்கப்போற நேரம். மூணு மாசம் முன்னாடியே உன்கிட்ட சொன்னேன், கூட்டிட்டுப் போய்க் காட்டுன்னு. நீ டெய்லி போன் பண்ணி 'சாப்பிட்டியா, சாப்பிட்டியா'ன்னு கேக்கறியே... ஒரு நாளாவது 'தூங்கினியா'ன்னு கேட்டிருக்கியா?"

பதில் இல்லை. டவர் கிடைக்காத மாதிரி "ஹலோ... ஹலோ..." என்றேன். அக்காவும் அதே வீட்டில் வளர்ந்தவள்தானே? "நடிக்காத" என்று வைத்துவிட்டாள்.

* * *

லீவை ரெண்டு நாள் நீட்டினேன். எங்க மாவட்டத்துக்கு 2022 ஜனவரியில் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். அதற்கு முன்பெல்லாம் கொஞ்சம் பெரிய வியாதி என்றால் தஞ்சாவூர், திருச்சி என்று மூட்டை கட்டவேண்டும். அம்மாவின் முதல் கேள்வி, "தூக்கம் வரலைங்கறதுக்கெல்லாமா ஆஸ்பத்திரி?" ரெண்டாவது கேள்வி, "பொம்பள டாக்டரா?" ரெண்டாவதுக்கு 'ஆமா' என்றதும் முதல் கேள்வியை வாபஸ் வாங்கிக்கொண்டாள்.

நாங்கள் பார்த்தது ஒரு பெண் டாக்டர். அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். எங்களை ஒரு பார்வை பார்த்தார். "ஆம்பளைங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளியே இருங்க" என்றார்.

வெளியே பெஞ்சில் நானும் அப்பாவும். இருபது நிமிஷம். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு திடீரென்று, "உங்கம்மா என்கிட்ட ஒண்ணும் சொல்லலைடா" என்றார். நான் என்ன சொல்ல? என்கிட்டயும்தான் சொல்லவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை.

பிறகு அம்மாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு டாக்டர் எங்களையும் உள்ளே கூப்பிட்டார். அங்கேதான் தெரிந்தது. அம்மாவுக்குப் பிரச்னை தூக்கம் மட்டும் இல்லை. இருபது நாளைக்கொரு தரம் உதிரப்போக்கு, வந்தால் பத்து நாள். ரொம்ப நாளாக. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.4. பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டுமாம். இந்த ரத்தத்தை வைத்துக்கொண்டுதான் மாடு, காடு, அடுப்பு, அப்பா, ராத்திரி ஷிஃப்ட்டில் முந்திரி!

டாக்டர் அப்பாவிடம் கேட்டார். "வீட்டுல போர்செட் இருக்கா?"

"இருக்குங்க."

"வோல்டேஜ் ஏறி ஏறி இறங்கினா மோட்டார் என்ன ஆகும்?"

"உறுமும். சூடாகும். சமயத்துல காயில் போயிடும்."

"அதேதான். சினைப்பையிலேருந்து ஈஸ்ட்ரோஜன்னு ஒரு ஹார்மோன் வருது. மாதவிடாய் நிக்கறதுக்கு முன்னாடி சில வருஷம் அது ஒரே சீரா வராது. ஒரு நாள் ஹை வோல்டேஜ், ஒரு நாள் லோ. புரோஜெஸ்ட்ரோன்னு இன்னொண்ணு, தூக்கத்துக்கு ஒத்தாசை பண்றது, அதுவும் குறையும். மூளையில உடம்புச் சூட்டைப் பாத்துக்கற இடம் ஒண்ணு இருக்கு. அது குழம்பிப் போய், துளி சூடு ஏறினாக்கூட 'ஐயோ வேகுது'ன்னு வேர்வையைக் கொட்ட வைக்கும். ராத்திரில அது நடந்தா முழிப்புத் தட்டும். அப்புறம் தூக்கம் எங்கே வரும்?"

எங்கப்பாவுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு டாக்டர் சொன்னது முழுசாகப் புரிந்தது.

மாதவிடாய் கடைசியாக வந்து 12 மாசம் முழுசாக வராமல் இருந்தால்தான் 'நின்றுவிட்டது' என்று அர்த்தமாம். நம்ம நாட்டில் அது சராசரியாக 46, 47 வயசில் நடக்கிறது. மேல்நாடுகளில் 51. அதற்கு முந்தைய நாலைந்து வருஷம்தான் இந்த வோல்டேஜ் சமாசாரம். அம்மா சரியாக அதில் நின்றுகொண்டிருந்தாள்.

"கர்ப்பப்பையை எடுத்துட்டா...?" என்று அப்பா மெல்ல ஆரம்பித்தார். பெரியம்மா செல்வாக்கு!

"தூக்கம் வரலைன்னு யாராவது கர்ப்பப்பையை எடுப்பாங்களா? சினைப்பையையும் சேர்த்து எடுத்துட்டா இந்த வேர்வையும் வெக்கையும் ஒரே ராத்திரில மொத்தமா வந்து உக்காரும். சினைப்பையை விட்டு வெச்சாலும், மாதவிடாய் நிக்கற மாற்றம் சீக்கிரமே வரலாம்" என்றார். 2015-16-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15-லிருந்து 49 வயசுக்குள் இருக்கிற பெண்களில் சுமார் 3 சதவீதம் பேர் கர்ப்பப்பையை எடுத்தவர்கள். இதில் எத்தனை பேருக்குப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா சிபாரிசு செய்தாரோ!

அப்புறம் டாக்டர் நிதானமாகச் சொன்னார். "முதல்ல இந்த உதிரப்போக்கு ஏன்னு பாக்கணும். அது தெரியாம ஹார்மோன் பேச்சே எடுக்கக் கூடாது. ஸ்கேன் எடுப்போம். 45 தாண்டினவங்க இல்லையா... கர்ப்பப்பை உள்சுவர்லேருந்து கொஞ்சூண்டு சதை எடுத்து லேபுக்கு அனுப்புவோம்."

"எதுக்கும்மா?" என்றேன்.

"வேற எதுவும் இல்லைன்னு உறுதி பண்ணிக்கத்தான்."

அந்த 'வேற எதுவும்' என்ன என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

* * *

ரிசல்ட் வர ஒன்பது நாள் ஆனது. நான் சென்னை வந்துவிட்டேன். அந்த ஒன்பது நாளும் ராத்திரி ரெண்டரைக்கு எனக்கும் முழிப்புத் தட்டியது. ஹார்மோன் இல்லாமலே!

செல்போனில் தேட ஆரம்பித்தால் ஒவ்வொன்றும் வயிற்றைக் கலக்கியது. 'ஹார்மோன் மாத்திரை தின்றால் மார்புப் புற்றுநோய்' என்று மாமா ஒருத்தர் ஃபேமிலி குரூப்பில் போட்டிருந்தார். அவர் அதே குரூப்பில் தினமும் ஐந்து மணிக்கு 'குட்மார்னிங் ரோஜா' போடுபவர். ரோஜாவை நம்பலாம். மற்றதை?

உட்கார்ந்து கொஞ்சம் படித்தேன். கதை சுவாரஸ்யமானது. 1942-ல் அமெரிக்காவில் ஒரு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை வந்தது. பெயர் பிரிமாரின். எதிலிருந்து எடுத்தார்கள் தெரியுமா? சினையாக இருக்கும் குதிரையின் மூத்திரத்திலிருந்து! (அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. அவளுக்கு எழுதிக் கொடுத்தது வேறு மருந்து. சத்தியமாக.) 1966-ல் ஒரு அமெரிக்க டாக்டர், 'என்றென்றும் பெண்ணாக இருக்க இதைச் சாப்பிடுங்கள்' என்கிற ரீதியில் புஸ்தகமே எழுத, பெண்கள் வரிசையில் நின்றார்கள். 1975-ல் தெரிந்தது: கர்ப்பப்பை உள்ளவர்கள் வெறும் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்தால், கர்ப்பப்பை உள்சுவரில் புற்றுநோய் வருகிற ஆபத்து கூடுகிறது. அதனால் கூடவே புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்தும் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

பிறகு 2002 ஜூலை. அமெரிக்காவில் 16,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த பெரிய ஆராய்ச்சியைப் பாதியில் நிறுத்தினார்கள். மார்புப் புற்றுநோய் 26 சதவீதம் அதிகம் என்று உலகமெங்கும் தலைப்புச் செய்தி. பெண்கள் மாத்திரையைத் தூக்கிக் குப்பையில் போட்டார்கள்.

அந்த 26 சதவீதம் என்றால் என்ன? நாம்தான் ஆபீஸில் சதவீதத்தோடு குடித்தனம் நடத்துகிறவர்கள் ஆயிற்றே, கணக்கைப் பாருங்கள். பத்தாயிரம் பெண்களில், மருந்து சாப்பிடாதவர்களில் வருஷத்துக்கு 30 பேருக்கு வந்தது. ரெண்டு ஹார்மோனும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் 38 பேருக்கு. எட்டுப் பேர் அதிகம். அந்த எட்டில் உங்கம்மா இருந்தால் அது சின்ன நம்பர் இல்லை. ஆனால் தலைப்புச் செய்தியைப் பார்த்துப் பயந்த அளவுக்குப் பெரிய நம்பரும் இல்லை. ரத்தக் கட்டி, பக்கவாதம் இதெல்லாமும் கொஞ்சம் கூடியது. இடுப்பெலும்பு முறிவும் குடல் புற்றுநோயும் குறைந்தது. முக்கியமான சங்கதி, அந்தப் பெண்களின் சராசரி வயசு 63. மாதவிடாய் நின்று பல வருஷம் ஆனவர்கள். நாற்பத்தேழு வயசில் வேர்த்துக் கொட்டி முழித்திருக்கிற அம்மாவுக்கு அந்தக் கணக்கை அப்படியே போட முடியாது. அறுபது வயசுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து வருஷத்துக்குள் ஆரம்பித்தால், பொருத்தமானவர்களுக்கு நன்மைதான் அதிகம் என்று பிற்பாடு வந்த மருத்துவர் சங்கங்களின் வழிகாட்டிகள் சொல்கின்றன. நம்ம நாட்டிலும் 1995-லிருந்தே இதற்கென்று இந்தியன் மெனோபாஸ் சொசைட்டி என்று டாக்டர்கள் சங்கம் இருக்கிறது. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே, இந்த மருந்துப் பெட்டிகளில் இதயநோய், மார்புப் புற்றுநோய் பற்றிக் கட்டம் கட்டிப் போட்டிருந்த எச்சரிக்கையை எடுத்துவிடப் போவதாக அறிவித்தது. வெறும் ஈஸ்ட்ரோஜனுக்கான கர்ப்பப்பைப் புற்றுநோய் எச்சரிக்கை மட்டும் இருக்கும்.

பத்தாம் நாள் காலை அப்பா போன் பண்ணினார். அவர் எப்போதுமே 'ஹலோ' சொல்ல மாட்டார்.

"ஒண்ணும் இல்லையாம்டா."

அவ்வளவுதான் சொன்னார். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தோம். மொட்டை மாடியில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டேன். எதிர் ரூம்காரன், "ஜலதோஷமா?" என்றான். "ஆமா" என்றேன்.

* * *

முதல் மூணு மாசம் ஹார்மோன் கிடையாது. உதிரப்போக்கைக் குறைக்க மாத்திரை, இரும்புச் சத்து, தைராய்டு டெஸ்ட். ரத்தச் சோகையே தூக்கத்தைக் கெடுக்குமாம். இரும்பு குறைந்தால் ராத்திரி கால் குடைச்சல் வேறு. "குறட்டை விடறாங்களா?" என்றும் டாக்டர் கேட்டார். குறட்டையில் மூச்சு அடைத்து முழிப்பு வருவதும் இந்த வயசில் கூடுமாம். அம்மா சட்டென்று அப்பாவைக் கை காட்டினாள். "அவருக்கு வேற டாக்டர் பாக்கணும்" என்றார்.

கூடவே, தூக்கத்துக்கென்று ஒரு பழக்கச் சிகிச்சை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரையைவிட இதைத்தான் முதலில் செய்யச் சொல்கிறார்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்திருக்கணும். பகல் தூக்கம் கூடாது. சாயங்காலத்துக்கு மேல் டீ, காபி கூடாது. தூக்கம் வந்தால்தான் பாயில் படுக்கணும். முழிப்புத் தட்டி, தூக்கம் வராமல் புரண்டால் எழுந்து போய், மங்கலான வெளிச்சத்தில் அமைதியாக உட்காரணும். தூக்கம் வந்ததும் திரும்பப் படுக்கணும். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது.

"முந்திரி உடைக்கலாமா?" - இது அம்மா.

"கூடாது. சும்மா உக்காருங்க."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான்."

"அது எப்படிம்மா உக்காருவாங்க?" என்றாள் அம்மா, நிஜமான சந்தேகத்தோடு. நாற்பத்தேழு வயசில் முதல் தடவையாக அவளிடம் சும்மா உட்காரச் சொல்கிறார்கள்! எனக்கு ஆபீஸில் தினமும் வருகிற வித்தை இது. போனிலேயே கற்றுக்கொடுத்தேன்.

தினமும் எத்தனை மணி நேரம் தூங்கினாள் என்று எழுதச் சொன்னார்கள். நான் கம்ப்யூட்டரில் கட்டம் போட்டு பிரின்ட் எடுத்து அனுப்பினேன். அம்மா அதை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, நாள் காலண்டர் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதினாள். 'தூ 3, வே 4.' தூக்கம் மூணு மணி நேரம், வேர்வை நாலு தடவை. எந்த ஆபீஸிலும் இவ்வளவு சுருக்கமான ரிப்போர்ட்டை நான் பார்த்ததில்லை.

மூணு மாசத்தில் ஹீமோகுளோபின் 11 தாண்டியது. 'தூ 4' ஆனது. ஆனால் 'வே' குறையவில்லை. அப்போதுதான் டாக்டர் ஹார்மோன் பேச்சை எடுத்தார். அந்த நாளுக்கு நானும் போனேன்.

டாக்டர் முதலில் யாருக்குக் கூடாது என்று சொன்னார். மார்புப் புற்றுநோய் வந்தவர்கள், காலிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டியவர்கள், பக்கவாதம், மாரடைப்பு வந்தவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்கள். அம்மா இதில் எதிலும் இல்லை. இது தூக்க மாத்திரையும் இல்லை. ராத்திரி வேர்வையால் தூக்கம் கெடுகிறவர்களுக்கு, வேர்வையை அடக்கித் தூக்கம் தருவது. கருத்தடையும் இல்லை, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கொள்ளாதவர்கள் அதைத் தனியாகக் கவனிக்கணும்.

அப்புறம் வழிகள். ஒன்று, ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாக விழுங்குவது. ரெண்டு, ஜெல்லாகத் தோலில் தடவுவது. இதில் ரத்தம் கட்டுகிற ஆபத்து மாத்திரையைவிடக் குறைவு. எதுவானாலும் கர்ப்பப்பை இருப்பதால் புரோஜெஸ்ட்ரோன் கட்டாயம். அதை ராத்திரி கேப்ஸ்யூலாகப் போட்டால் கொஞ்சம் தூக்கமும் வரும். இல்லாவிட்டால் காப்பர்-டி மாதிரி கர்ப்பப்பைக்குள் வைக்கிற ஹார்மோன் சாதனம். அது உதிரப்போக்கையும் குறைக்கும். மூணாவது, ஹார்மோனே வேண்டாம் என்றால் வேர்வையைக் குறைக்கிற வேறு மாத்திரைகள் - வென்லாஃபாக்ஸின், காபாபென்டின் என்று. நாலாவது, இப்படியே பழக்கச் சிகிச்சையோடு காத்திருப்பது, அதுவும் தப்பில்லை.

அப்பா தொண்டையைச் செருமினார். "எங்க மச்சான் வாட்ஸ்அப்புல..." நானும் பேப்பரில் நம்பர் எழுதிக்கொண்டு போயிருந்தேன். "டாக்டர், 2002-ல ஒரு ஆராய்ச்சி..."

அம்மா எங்கள் ரெண்டு பேரையும் பார்த்தாள். "கொஞ்சம் இருங்க. வேர்க்கறது எனக்குத்தானே?"

கப்சிப்.

அம்மா டாக்டரிடம் மூணே கேள்வி கேட்டாள். எத்தனை நாள் போடணும்? நடுவில் நிறுத்தலாமா? எதைக் கண்டால் உடனே ஓடி வரணும்? வருஷா வருஷம் பார்த்து முடிவு பண்ணலாம். எப்ப வேணாலும் நிறுத்தலாம். கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தால், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், திடீர்த் தலைவலி, மார்பில் கட்டி, புதுசாக உதிரப்போக்கு - எதுவானாலும் வரணும். பிரஷர் பார்க்கணும், மார்புக்கு மேமோகிராம் எடுத்துக்கணும்.

"உள்ள எதுவும் வைக்க வேணாம். தடவறதும் ராத்திரி மாத்திரையும் குடுங்க. மூணு மாசம் பாக்கறேன். புடிக்கலைன்னா வுட்டுடறேன்."

நான் படித்ததெல்லாம் வீண். அம்மா கேட்ட மூணு கேள்வியில் ஒன்றுகூட என் பேப்பரில் இல்லை.

* * *

இந்த இடத்தில் ஒரு வாக்குமூலம்.

எங்க ஆபீஸில் ஒரு மேடம். வயசு ஐம்பதுக்குப் பக்கம். ஏ.சி.யைப் பதினெட்டில் வைப்பார். நாங்கள் நடுங்குவோம். ஒரு ஃபைலை விசிறியாக்கி விசிறிக்கொண்டே எங்களைத் திட்டுவார். காலையில் கண் சிவந்திருக்கும். அவருக்கு 'அக்னி நட்சத்திரம்' என்று பட்டப்பெயர் வைத்தது யார்? ஹி... ஹி... அடியேன்தான். பேர் பயங்கர ஹிட். டீக்கடை வரைக்கும் பரவிவிட்டது.

ஊரிலிருந்து திரும்பின மறுநாள் மேடம் ஃபைலால் விசிறிக்கொண்டிருந்தார். எனக்குக் கொல்லைப்புறப் பல்பு வெளிச்சமும் நனைந்த தலைப்பும் கண்ணில் வந்தது. அவருக்கு என்ன காரணமோ, எனக்குத் தெரியாது. கேட்கிற உரிமையும் எனக்கில்லை. ஏ.சி.க்கு நேர் கீழே இருந்த என் நாற்காலியை நகர்த்திவிட்டு, ரிமோட்டை எடுத்துப் போய் அவர் மேஜையில் வைத்தேன். "உங்ககிட்டயே இருக்கட்டும் மேடம்."

மேடம் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "என்ன, லீவு வேணுமா?"

இப்போது நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஆபீஸ் போகிறேன். பட்டப்பெயரை வாபஸ் வாங்கப் பார்க்கிறேன், முடியவில்லை. வாட்ஸ்அப்பில்கூட அனுப்பினதை அழிக்கலாம். டீக்கடையில் சொன்னதை அழிக்க முடியாது.

* * *

அம்மாவுக்கு அற்புதமெல்லாம் நடக்கவில்லை. வாரத்தில் ரெண்டு நாள் ரெண்டரைக்கு இன்னமும் முழிப்பு வருகிறதாம். முதல் மாசம் மார்பு கனத்து வலித்தது. டாக்டர் அளவைக் குறைத்தார், சரியாகிவிட்டது. காலண்டர் தாளில் இப்போது 'தூ 6, வே 1'. அந்த 'வே 1'-ஐயும் அப்பா குறட்டைக் கணக்கில் எழுதிவிடலாம் என்கிறாள் அக்கா.

தினமும் ஒன்பது மணிக்குப் போன் பண்ணுகிறேன். 'சாப்பிட்டியா'வுக்கு முன்னால் 'தூங்கினியாம்மா' என்கிறேன். முதல் ரெண்டு வாரம் அம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. இப்போது அவளே ஆரம்பிக்கிறாள்: "நேத்து ஆறு மணி நேரம்டா."

போன வாரம் பார்சல் வந்தது. மேன்ஷனே என் ரூமில் கூடிவிட்டது. பிரித்தேன்.

கால் கிலோதான் இருந்தது.

"என்னடா, உங்கம்மாவுக்கு என்னாச்சு?" என்றான் எதிர் ரூம்காரன், முகம் வாடிப்போய்.

"தூங்கிட்டாங்கடா" என்றேன்.